பிஸ்கட் கம்பெனியின் பின்சுவர்

என் கொழுந்தன் பெண்டாட்டிக்கு எங்கள் தெருவில் வெயில்காரி என்று பெயர். லாண்டரி நடத்துகிறவள். காலையில் எழுந்ததும் பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வானத்தைப் பார்ப்பாள். மேகம் தெரிந்துவிட்டால் அன்றைக்கு யாரும் அவளிடம் வாய் கொடுக்கக் கூடாது.

கொழுந்தன் கண்ணை மூடிய பிறகு அவள் கையில் எடுத்த தொழில் இது. பெரிய வாடிக்கை ஒரு லாட்ஜ். அங்கிருந்து தினமும் வரும் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் மறுநாளே காய்ந்து, மடிப்புக் கலையாமல் திரும்பிப் போக வேண்டும். கொஞ்சம் ஈரம் தட்டினாலும் லாட்ஜ்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

அப்படியானால் மழைக்காலத்தில் என்ன செய்தாள்? எங்கள் சந்தின் ஒரு பக்கம் முழுக்க பிஸ்கட் கம்பெனியின் பின்சுவர். அந்தப் பக்கம் அடுப்பு எரிய, இந்தப் பக்கம் சுவர் கொதிக்கும். மேலே தகரக் கூரை நீட்டிக்கொண்டிருப்பதால் நனையவும் நனையாது. சுவரோரம் கயிறு கட்டித் துணியை விரித்துவிடுவாள். மிச்ச இடத்தில் சந்துக்காரர்களின் காலுறை, நனைந்த பாடப்புத்தகம் எல்லாம் காயும். ஒருமுறை ஒரு பூனைக்குட்டியையும் காயப்போட்டோம்.

அந்தச் சுவரில் காய்ந்த துணி பிஸ்கட் வாசனை அடிக்கும். லாட்ஜில் படுத்தவர்கள் விடியும் முன்பே பசியோடு எழுந்தது அதனால்தான். அவள் இல்லை என்பாள். நான் சொல்வதுதான் சரி.

ஆனால் அதே கம்பெனியின் புகைபோக்கியிலிருந்து கரியும் பறந்து வரும். வெள்ளை விரிப்பில் புள்ளி புள்ளியாக விழும். கம்பெனிக்காரர்களின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே மறுபடி துவைப்பாள்.

ஒருநாள் மேனேஜர் கம்பெனி வாசலில் நாற்காலி போட்டுத் தெருவையே கூப்பிட்டார். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார். கம்பெனி இனிமேல் காற்றைக் கெடுக்காமல் தொழில் செய்யப் போகிறதாம். அடுப்புச் சூடு வெளியே போகாமல் சுற்றிலும் தடுப்புக் கட்டப் போகிறார்களாம். எரிபொருள் குறையும், புகையும் குறையும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவள் எழுந்து நின்றாள்.

“சார், பின்சுவர் ஆறிப்போயிடுமா?”

“ஆமாம்மா. தொட்டா சில்லுன்னு இருக்கும்,” என்றார், பெருமையாக.

“அப்ப என் துணி எங்க காயும்?”

கூட்டம் சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்காமல், “வெளிய போற சூடு எங்களுக்கு நஷ்டம்மா,” என்றார்.

“உங்களுக்கு நஷ்டம். எனக்கு அதுதான் பொழப்பு.”

வீட்டுக்கு வந்ததும் எனக்கும் அவளுக்கும் சண்டை பிடித்துக்கொண்டது. கரி விழாது, குழந்தைகள் இருமாது, விட்டுக்கொடு என்றேன். “கரி இல்லாத ஈரத்துணிய யாரு வாங்குவாக்கா?” என்று கேட்டாள். அதற்காகப் புகை வேண்டும் என்று சொல்ல முடியுமா? நானும் இறங்கவில்லை. சமையலறையில் பாத்திரங்கள் மட்டும் பேசிக்கொண்டன.

பிறகு மேனேஜரே சுவரை அளக்கச் சந்துக்கு வந்தார். விரிப்புகளைத் தொட்டுப் பார்த்தார். நல்ல மனிதர். அடுப்பை எப்படிக் கட்டினாலும் கொஞ்சம் சூடு மேலே போகத்தான் செய்யும், அதை வைத்து நல்ல காற்றைச் சுட வைத்துக் குழாய் வழியாகச் சந்தோரம் அட்டைப்பெட்டி அடுக்கும் அறைக்குக் கொண்டுவந்தால் அங்கே துணி காயவைக்கலாம் என்றார்.

“ஆனா முதலாளி தர்மத்துக்குக் குழாய் போடமாட்டார்மா. லாபம் என்னன்னு கேப்பார்.”

அவள் கோபப்படவில்லை. அவருடைய வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க ஆளுங்க கோட்டெல்லாம் எங்க துவைக்கறாங்க சார்?”

ஊருக்கு வெளியே லாரியில் அனுப்புவதாகச் சொன்னார்.

“நல்லாத்தான் துவைக்கறாங்க,” என்றாள். அவர் கை தானாகக் காலரை மூடிக்கொண்டது.

“அத எனக்குக் குடுங்க. சூட்டுக்கு வாடகையா கூலியில கொறச்சிக்கறேன். லாரிச் செலவும் மிச்சம். தர்மம்னு சொல்லாதீங்க, வியாபாரம்னு சொல்லுங்க.”

முதலாளி ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. இந்த மழைக்காலம் சோதனை. ஒரு காலையில் கோட்டு ஈரமாக வந்தாலும் குழாயைக் கழற்றிவிடுவார்கள்.

முதல் மழை விடாமல் கொட்டியது. கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு உதவிக்குப் போனேன். அறை நிறையக் கோட்டும் விரிப்பும். உள்ளே நுழைந்தால் முகத்தில் ஆவி அடிக்கிறது, துணியோ பிழிந்தால் சொட்டும் போல இருக்கிறது. பார்த்தால், மகராசி ஜன்னல் இடுக்கில்கூடச் சாக்கைத் திணித்து அடைத்து வைத்திருக்கிறாள். நான் சாக்கைப் பிடுங்கினேன்.

“ஐயோ, சூடு வீணாப் போகுதுக்கா!”

“மேனேஜர் மாதிரி பேசாதடி. ஈரம் போக வழி விடு.”

அவள் மூட மூட நான் திறந்தேன். கடைசியில் ஜன்னலுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு நானே உட்கார்ந்துகொண்டேன். காலையில் கோட்டுகள் மொறமொறவென்று மடிந்தன. அவள் நன்றி சொல்லவில்லை. நான் எழுந்து போன பிறகும் ஜன்னலை மூடவில்லை. எனக்கு அது போதும்.

குழாய் இன்னும் இருக்கிறது. விரிப்பில் கரிப்புள்ளி இல்லை. சுவர் ஆறிப்போனதும் பூனை அந்த அறைக்கே குடிவந்துவிட்டது.

லாட்ஜ்காரர்தான் குறைப்பட்டுக்கொண்டு வந்தார். துணி நன்றாகக் காய்ந்திருக்கிறதாம், ஆனால் பழைய பிஸ்கட் வாசனை இல்லையாம், வருகிறவர்கள் கேட்கிறார்களாம். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“வாசனைக்குத் தனிக் கூலி சார்,” என்றாள்.