நாலாவதாக வந்த கல்

எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, தொலைக்காட்சி. இன்று இதைச் சொன்னால் அடக்கமாகத் தெரியும். ஏழு வயதில், பெரிய பட்டம் வாங்கியவளைப் போல இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருந்த எங்கள் லயத்து வீட்டுக்கு, கதவு வைத்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி வந்திருந்தது. மாலையில் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ஆங்கிலத்தில் ஒரு குழந்தைகள் நிகழ்ச்சி வரும். எண்களைத் தவிர வேறொன்றும் எனக்குப் புரியாது. ஒரு துணிப்பொம்மை ஆப்பிள்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணும். எத்தனை என்று கேட்டுவிட்டு, காதைச் சாய்த்துக்கொண்டு காத்திருக்கும். நான் கத்துவேன். உடனே கைதட்டிப் பாராட்டும். ஒருநாள் தப்பாகச் சொல்லிவிட்டேன். அப்போதும் கைதட்டியது. என்மேல் அதற்குத் தனிப் பிரியம் என்று முடிவு செய்துகொண்டேன்.

இன்னொரு பாடமும் அது நடத்தியது. மூன்று ஆப்பிள்களுக்கு நடுவே காலில் போடும் சப்பாத்து ஒன்று கிடக்கும். பொம்மை தலையை ஆட்டிவிட்டு, சப்பாத்தை எடுத்து ஓரமாக வைத்த பிறகுதான் எண்ணும். இந்தச் சட்டத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தோசை, கொடியில் காயும் கைலி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் இனம் பிரித்து எண்ணினேன்.

"ஆளுங்கள எண்ணாதடி, கண்ணு படும்" என்று அம்மா பலமுறை சொல்லியிருந்தாள். அம்மா அந்த நிகழ்ச்சியைப் பார்ப்பதில்லை. பாவம், அவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்கப் பெடாஸ் பக்கத்திலிருந்து வந்தார்கள். அக்காவுக்கு இருபத்திரண்டு வயது, பால்மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. அதற்கெல்லாம் அவள் அலட்டிக்கொள்ளவில்லை. இந்த மாப்பிள்ளையைக் கோயில் திருவிழாவில் பார்த்திருந்தாள். பிடித்திருந்தது. காலையிலிருந்து மூன்று முறை புடவை மாற்றினாள். அதையும் நான்தான் எண்ணினேன்.

மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா. மாப்பிள்ளையின் தாய்மாமாவுக்குத் திடீர்க் காய்ச்சலாம், வர முடியவில்லை. கோப்பியும் வடையும் வந்தன. எல்லோரும் வடையைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில், என் கல்வியைக் காட்ட இதுதான் சமயம் என்று நடுக்கூடத்தில் போய் நின்றேன். விருந்தாளிகளை ஒவ்வொருவராக விரல் நீட்டி, பொம்மையின் குரலிலேயே எண்ணினேன்.

"ஒன். டூ. த்ரீ."

கைதட்டலுக்காகக் காத்திருந்தேன். யாரும் தட்டவில்லை. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்பது எங்களவர் வழக்கம். தவிர்க்க முடியாவிட்டால் ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நாலாக்கிக்கொள்வார்கள். எனக்கு அது தெரியாது. மாப்பிள்ளையின் அம்மா முகம் சுருங்கிவிட்டது. அவருடைய அப்பாதான் சிரித்தபடி சட்டைப்பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மூணு இல்ல பாப்பா, நாலு பேரு வந்திருக்கோம்லா."

அதோடு வாயை மூடியிருக்கலாம். "கல்லு ஆளு இல்ல தாத்தா. சேத்து எண்ணக் கூடாது" என்று சொல்லி, கல்லை எடுத்துக் கொண்டுபோய் ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். சப்பாத்தை அப்படித்தானே வைப்பார்கள்.

"சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போனார்கள். கோப்பைகளைக் கழுவும்போதுதான் ஜன்னலில் இருந்த கல்லை அம்மா பார்த்தாள். மூன்று பேராகவே திரும்பிப் போய்விட்டார்கள். அம்மா என்னை அடித்தாள். அது வலிக்கவில்லை. அக்கா போய்ப் புடவையை மடித்து வைத்தாள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். செய்தி இல்லை. அப்பா பெட்டியின் கதவைப் பூட்டினார். பூட்டியிருக்கவே வேண்டாம். அந்தப் பொம்மை இனி எத்தனை என்று கேட்டால் நான் பதில் சொல்வதாக இல்லை.

பெண் வீட்டார் தாமாகப் போய்க் கேட்பது கௌரவக் குறைச்சல். இருந்தாலும் அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை என்றதும் அப்பா கிளம்பிவிட்டார். அம்மாவும் கிளம்பினாள். மன்னிப்புக் கேட்க வைப்பதற்காக என்னையும் கூட்டிக்கொண்டார்கள். படியிறங்கும்போது அம்மா நின்றாள்.

"மூணு பேரா இருக்கோமே."

நான் கவுன் பையிலிருந்து கல்லை எடுத்து நீட்டினேன். அதே கல். மூன்று வாரமாக என்னிடம்தான் இருந்தது. பாடப்புத்தகத்தை மறந்தாலும் அதை மறக்காமல் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோனேன். அம்மா சிரிக்கவில்லை. கதவருகே நின்ற அக்காதான் சிரித்தாள். மூன்று வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெடாஸில் போய்ச் சேர்ந்ததும் அப்பா தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தார். மாமாவின் காய்ச்சல் முற்றி, சிரம்பான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம். வீடே அங்கேதான் கிடந்ததாம். முந்தின நாள்தான் அவர் பிழைத்து வீடு திரும்பியிருந்தார். அன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மா முகம் சுருங்கியதும் தம்பியை நினைத்துத்தான். என் எண்ணிக்கையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு பேச்சுக்கூடப் பேசவில்லை. மூன்று வாரமாக ஒரு கல்யாணத்தையே தடுத்து நிறுத்தியவள் என்று என்னை நானே எவ்வளவு பெரிய ஆளாக நினைத்திருந்தேன்.

என்றாலும் வந்த வேலையை முடிக்க வேண்டுமே. கல்லை மாப்பிள்ளையின் அம்மாவிடம் நீட்டினேன். மனப்பாடம் செய்துவைத்த மன்னிப்பு மறந்துபோய்விட்டது. அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவை, அம்மாவை, என்னை, கடைசியாகக் கல்லைத் தொட்டு நிதானமாக எண்ணினார்.

"நாலு பேரும் உக்காருங்க. தை மாசம் கல்யாணத்த வச்சுக்கலாம்லா."

உள்ளே போய் நாலு கோப்பை கோப்பி கொண்டுவந்தார். நாலாவதைக் கல்லுக்கு முன்னால் வைத்தார். கல் குடிக்காது என்று எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் அதையும் நானே குடித்துவிட்டேன்.