பாலத்தின் அடிப்பக்கம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான்தான். கல்லூரியையும் முடித்தேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. கேரளத்தில், கொல்லத்தில் உள்ள ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு உத்தரவு வந்தபோது, அந்தத் தாளை வாசலில் நின்று நாலு பேர் பார்க்கும்படி பிரித்துப் படித்தேன்.

அப்பா, "ஒங்கம்மை சரின்னா சரி" என்று ஒதுங்கிக்கொண்டார். அம்மா எட்டு நாளாக ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்துப் பெண் யாரும் பாஷை தெரியாத ஊரில் தனியாகத் தங்கியதில்லை. அம்மா வேண்டாமென்றால் போக மாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்திருந்தேன். ஏன் கொடுத்தேன் என்று எனக்கே என்மேல் கோபம். வியாழக்கிழமை வேலையில் சேர வேண்டும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை அவளை ரயிலேற்றினேன். ஊரைக் கண்ணால் பார்க்கட்டும். சங்கரன்கோவிலில் ஏறும்போது கரிசல் காடு வெளுத்துக் கிடந்தது. செங்கோட்டை தாண்டி, மலையைக் குடைந்த ரயில் குகைகளின் இருட்டுக்குள் புகுந்து வெளியே வந்தால் எல்லாம் பச்சை. பூட்டிக் கிடந்த அலுவலகத்தைக் கேட்டுக்கு வெளியே நின்று காட்டினேன். சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், "பசிக்கி" என்றாள்.

ஊருக்கு வெளியே ஒரு தீவு இருக்கிறது, அதன் வாய்க்கால்களில் தோணியில் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று போனில் பார்த்து வைத்திருந்தேன். கொண்டுபோன எலுமிச்சம்பழச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு அங்கே போனோம். தோணிக்காரர் தென்காசியில் பத்து வருஷம் டீக்கடை வைத்திருந்தவர். தமிழ் பேசினார். அம்மா முந்தானையிலிருந்து, பாம்பு பூச்சி அண்டாதென்று நம்பிப் பூசும் எங்கள் ஊர்க் கோயில் புற்றுமண் பொட்டலத்தை அவிழ்த்து என் நெற்றியில் கொஞ்சம் பூசினாள். பிறகு, "நீரும் வச்சுக்கிடும் அண்ணாச்சி, தண்ணிக்குள்ள போறோம்" என்று அவரிடமும் நீட்டினாள். அவர் மறுக்காமல் வைத்துக்கொண்டார்.

இரண்டு ஆள் அகலம்கூட இல்லாத தோணி. வாய்க்காலும் அதைவிடக் கொஞ்சந்தான் அகலம். அவர் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினார். சத்தமே இல்லை. தோணி நின்றுகொண்டிருக்க, கரைகள்தான் எங்களைத் தாண்டிப் போவதுபோல் இருந்தது. ஒரு வீட்டின் கொல்லைப்படி போயிற்று. துவைத்துக் காயப்போட்ட சட்டைகள் போயின. தண்ணீரில் மிதந்த ஒரு வாத்துக்கூட்டத்தைக்கூட அவசரமில்லாமல் கடந்தோம்.

"அம்மே, பாலம் வருது. நல்லா குனியணும், கேட்டோ" என்றார் தோணிக்காரர்.

தண்ணீருக்கு ரெண்டு மூன்று அடி மேலே கான்கிரீட் பாலம். நான் முழங்காலில் தலையைக் கவிழ்த்தேன். அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"குனிம்மா, இடிச்சிரும்."

"நான் குனிய மாட்டேன். நடுகை, களையெடுப்புன்னு தெனமும் குனிஞ்சிட்டுத்தான் நிக்கேன். ஒரு நா ஊர் பாக்க வந்த எடத்துலயும் குனியணுமா?"

சொல்லிவிட்டு, பலகையில் பின்பக்கமாகச் சாய்ந்து மல்லாந்து படுத்துக்கொண்டாள். பாலம் அவள் முகத்துக்கு மேலே மெதுவாக நகர்ந்து போயிற்று.

தோணிக்காரர் குந்தியிருந்தபடியே சிரித்தார். "இத்தன வருஷத்துல மல்லாந்து பாலம் கடந்த ஆளு நீங்கதான்."

"நீரு தோணியப் பாத்து விடும்."

பாலம் கடந்தும் அவள் எழவில்லை. பகலில் அம்மா படுத்து நான் பார்த்ததில்லை. வயலில் மத்தியானம் எல்லோரும் மரத்தடியில் சாயும்போதுகூட அவள் குத்துக்காலிட்டு வெற்றிலை போடுவாள். இப்போது வானத்தைப் பார்த்துக் கிடந்தாள். தென்னை ஓலைகளின் நிழல் அவள்மேல் விழுந்து விழுந்து விலகியது.

"ஏட்டி, இங்கன வந்து படு."

தோணி ஆடாதபடி மெல்ல நகர்ந்து, எதிர்ப்பக்கமாகக் கால் நீட்டி, அவள் தலைக்குப் பக்கத்தில் என் தலை வரும்படி படுத்தேன். அடுத்த பாலம் வந்தது. அதன் அடிப்பக்கம் முழுக்க ஒளி. தண்ணீரில் பட்ட வெயில் கான்கிரீட்டில் வலைவலையாக அசைந்துகொண்டிருந்தது.

"மேல நடந்து போறவனுக்கு இது தெரியாதுல்லா" என்றாள்.

எனக்குக் கண் சொக்கியது. நான் எதற்காக வந்தேன் என்பதே மறந்துவிடும்போல் இருந்தது.

"இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு வயலக் காணமே அண்ணாச்சி?"

"முன்ன இருந்ததம்மே. உப்பு ஏறிப் போச்சு. இப்ப எறா வளக்குறாங்க."

அவள் படுத்தபடியே கையைத் தொங்கவிட்டு, விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். "உப்புத்தான். அப்ப இந்த ஊர்ல நாத்து நட ஆளு வேண்டாம்." பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "ஒன் ஆபீஸ்ல உக்காந்து செய்யுத வேலதான?"

"ஆமா."

"நாள் பூராவுமா?"

"நாள் பூராவும். நாற்காலி உண்டு."

"சாயுத நாற்காலியா?"

"தெரியலம்மா. சாயலன்னா கேட்டு வாங்கிருவேன்."

"வாங்குவ. ஒனக்கு வாயி இருக்கு."

வெயில் மஞ்சளாகிவிட்டது. புறப்பட்ட படித்துறைக்கு முன்னால் கடைசியாக ஒரு பாலம், எல்லாவற்றிலும் தாழ்ந்தது. அதன் நிழல் எங்களை மூடியபோது அவள் குரல் காதுக்கு மிகப் பக்கத்தில் கேட்டது.

"வியாழக்கெழம காலைல ரயிலேறுனா ஆபீஸ் நேரத்துக்கு வந்துர முடியுமா?"

"முடியாதும்மா. புதன்கெழமையே வந்து தங்கணும்."

"அப்ப நானும் வாரேன். நீ தங்குத ரூம்புக் கதவு தாழ்ப்பாள இழுத்துப் பாக்காம விட்டுட்டுப் போக மாட்டேன்."

மேலே அந்த ஒளிவலை அசைந்துகொண்டே பின்னால் போய், வானம் திறந்தது.

"பாலம் கழிஞ்சது அம்மே, எழுந்திரிக்கலாம்" என்றார் தோணிக்காரர்.

"இருக்கட்டும்" என்றாள் அம்மா.