மேல் லயத்து வளைவு

நோர்வூட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் சோலைமலை லொறி ஓட்டத் தொடங்கியபோது அவருக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. இப்போது அது நரைத்துவிட்டது. அத்தனை காலமும் வண்டி அவர் கைக்கு அடங்கியே இருந்தது. புது டயர் போட்ட பிறகுதான் மீறியது.

கார்த்திகை மழையில் மேல் லயம், தொழிலாளர் குடியிருந்த வீட்டு வரிசை, மண்ணோடு சரிந்து போனது. பாதை மூடிக் கிடந்த நாட்களில் தோட்டத்தில் லொறிக்கு டயர் மாற்றினார்கள். பாதை திறந்த முதல் காலை, பின்னால் கொக்கியில் மாட்டிய பெட்டியில் கொழுந்து பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார். லயம் இருந்த வளைவில் பெட்டி ஆடியது. யாரோ வாலைப் பிடித்துப் பள்ளத்துப் பக்கம் இழுப்பதுபோல் இருந்தது. ஸ்டியரிங் கையில் துள்ளியது. மறுநாளும் அதே இடத்தில் அதே இழுப்பு. பெட்டியில் அவர் மனைவி நாகலெட்சுமியும் இருந்தாள்.

டயர் கடை கஜேந்திரன் காற்றைப் பார்த்தான். நட்டுகளை முறுக்கினான். கொக்கியை ஆட்டிப் பார்த்தான். வெறும் பெட்டியோடு இருவரும் அந்த வளைவில் ஏறினார்கள். ஆடவில்லை. மண்மூட்டை ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்போதும் ஆடவில்லை.

“டயர்ல ஒண்ணும் இல்லண்ணே. ஒங்க கைதான் நடுங்குது.”

“அப்ப நாளைக்கு நீ ஓட்டு. நான் பொட்டியில நிக்கிறேன்.”

காலையில் அவர் பெட்டியில் ஏறியதும் பெண்கள் சிரித்தார்கள்.

“என்ன டிரைவரண்ணே, கூடை எங்க?” என்றாள் அம்மாக்கண்ணு. “நீங்க பறிக்கிற அழகுக்கு, மேப்பார்வை பாக்குற கண்டாக்கையா அரைநாள் பேருதான் போடுவாரு, பாதிச் சம்பளந்தான்.”

வளைவு வந்தது. சிரிப்பு நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினார்கள். பெட்டி சாய்ந்து ஆடியது. சக்கரம் விளிம்பு மண்ணை உதிர்த்தது. மலைப் பக்கத்துப் பலகையோரம் இரண்டு பேர் நிற்கும் இடம் காலியாக இருந்தது.

“என்ன புள்ள செய்றீங்க?” என்று மனைவியிடம் கத்தினார்.

“ராசம்மாக்காவும் மகளும் ஏறணும்ல?”

ராசம்மாவும் மகளும் மேல் லயத்தோடு மண்ணுக்குள் போனவர்கள்.

“யாரு ஒதுங்கச் சொன்னது?”

“யாரும் சொல்லலீங்க” என்றாள். அப்போதுதான் அவள் முகத்தில் பயம் வந்தது. மற்றவர்களும் காலியிடத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் அதில் போய் நிற்கவில்லை.

மலையில் இறங்கியதும் கஜேந்திரன் கேட்டான். “என்னண்ணே, டயரா?”

“டயர் இல்ல.”

மறுநாள் சோலைமலையே ஓட்டினார். வளைவுக்கு முன்னால், மேல் லயத்து ஆட்களுக்காக முன்பு நிறுத்தும் இடத்தில், லொறியை நிறுத்தினார். மழைக்குப் பிறகு அங்கே அவர் நிறுத்தியதே இல்லை. பின்னால் கால்கள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேர் ஏறி முடிக்கும் நேரம் காத்திருந்து கிளட்சை விட்டார்.

பெட்டி ஆடவில்லை. நூல் பிடித்ததுபோல் பின்னால் வந்தது.

வளைவு தாண்டியதும் மேடு. மேல் லயத்து ஆட்கள் இருந்த காலத்தில் அதை முதல் கியரில்தான் ஏறுவார். மழைக்குப் பிறகு, ஆள் குறைந்ததால், இரண்டாவதிலேயே ஏறிவிடும். அன்று லொறி திணறி முதலாவதைக் கேட்டது.

போட்டார். கண்ணாடியைப் பார்க்கவில்லை.