கண்ணாடிக் குவளைகள் வந்த வருடம்

எங்கள் சபையின் ஆண்டு விழாவில் ஒருவர் சபை வரலாறு வாசித்தார். திருவிருந்தில் எல்லோரும் ஒரே வெள்ளிக் கிண்ணத்தில் திராட்சரசம் குடித்து வந்த பழைய வழக்கம், யுத்தம் முடியும் தறுவாயில் இன்புளுவென்சா காய்ச்சல் பரவியபோது நின்றுபோய், ஆளுக்கொரு கண்ணாடிக் குவளை வந்தது என்றார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அது பிழை. காய்ச்சல் வந்தபோது அந்தக் குவளைகளில் பாதி விளிம்பு உடைந்து, புதிதாக வாங்கிச் சேர்க்கும் நிலைக்கு வந்துவிட்டன. அவை வந்தது அதற்கு வெகு முன்னால், புது ராஜாவின் முடிசூட்டு விழாவுக்காக ஊரெல்லாம் வளைவு கட்டிக்கொண்டிருந்த நாட்களில். எந்தக் காய்ச்சலுக்காகவும் வரவில்லை. என் மனைவிக்காக வந்தன.

அவள் சலவைத் தொழிலாளர் வீட்டுப் பெண். தகப்பன் கால்வாய்க் கரையில் வெளுத்த துணிகளைக் குமாஸ்தாக்களின் வீடுகளுக்குச் சுமந்து கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. எங்கள் கோயிலின் திருவிருந்து மேசை விரிப்பும் அவர்கள் வீட்டு வெள்ளாவியில்தான் வெந்தது. நான் நில அளவை அலுவலகத்தில் எழுத்தர். திருநெல்வேலிப் பக்கத்து உபதேசியாரின் மகன், வேலைக்காகக் கப்பலேறி இந்த மலாய்த் துறைமுகத்துக்கு வந்தவன், கிறிஸ்தவனாகவே பிறந்தவன். கடவுளோடு எனக்குச் சண்டையும் கிடையாது, பேச்சுவார்த்தையும் கிடையாது. மனிதனும் கடவுளும் எப்படி ஒப்புரவானார்கள் என்பதைப் பற்றி அச்சில் கிடைத்ததையெல்லாம் வாசித்திருந்தேன், அவ்வளவுதான்.

போதகர் யாழ்ப்பாணத்தார். சலவைக்காரர் குடியிருப்பில் வாரம் ஒரு மாலை கூட்டம் நடத்துவார். பாட்டுப் பாட நான் கூடப் போவேன். வீட்டை விட்டு ஓடிய மகன் கெட்டுச் சீரழிந்து திரும்பி வருகிற கதையை அவர் ஒருநாள் சொன்னார். பின்வரிசையிலிருந்து அவள் எழுந்தாள்.

"ஐயா, திரும்பி வந்த பையனுக்குச் சோறு எங்க போட்டாங்க?"

"எங்கையெண்டால்? வீட்டிலைதான், பிள்ளை."

"வீட்டுலன்னா? கொல்லைப்பக்கம் எலையப் போட்டா, இல்ல அப்பாகூட உக்கார வெச்சா?"

"இவளுக்கு எப்பவும் சோத்து நெனப்புத்தான்" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. போதகர் சிரிக்கவில்லை.

"தகப்பனோடை. ஒரே பந்தி."

"தண்ணியும் ஒரே ஏனத்துலயா?"

"ஓம், ஒரே ஏனம்."

"அப்படின்னா நானும் வர்றேன்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

துணி கொண்டுபோகிற வீடுகளில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், அவளைக் குனியச் சொல்லி, கைக்குழியில் உயர இருந்து ஊற்றுவார்கள். அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தில் அவள் வாய் வைத்ததே இல்லை. இதை அவளே பின்னால் எனக்குச் சொன்னாள், வருத்தப்படாமல், வெயிலடித்தது மழை பெய்தது என்பதுபோல.

வால்நட்சத்திரம் தெரிந்த வருடம், பெந்தெகொஸ்தே ஞாயிறன்று ஞானஸ்நானம் பெற்றாள். நட்சத்திரம் அப்போது விடியலுக்கு முன் கிழக்கே தெரிந்துகொண்டிருந்தது. பிறகுதான் மாலை வானத்துக்கு மாறியது. ஆகஸ்டில் எங்கள் திருமணம். ஜாலான் புசார் தெருப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் குடியேறினோம். அடுப்படியில் நின்றபடி அவள் கடவுளிடம் பேசுவது எனக்குக் கேட்கும். ஜெபமாகத் தோன்றாது. மீன் விலையைச் சொல்வாள். என்னைப் பற்றிக் குறை சொல்வாள். உள்ளே இன்னொருவர் இருக்கிறார் என்று நினைத்து நான் எட்டிப் பார்த்ததும் உண்டு.

டிசம்பரில் அவளுக்கு முதல் திருவிருந்து. எச்சில் பார்க்கிற ஜனங்கள் நாங்கள். வீட்டில் டம்ளரை உதட்டில் படாமல் தூக்கித்தான் குடிப்போம். அந்த ஒரு கிண்ணத்தில் மட்டும் அதைப் பார்க்காமல் இருந்தோம். அப்படித்தான் நான் நம்பியிருந்தேன். முன்வரிசைக்காரர்கள் முதலில் போவார்கள், பின்வரிசை கடைசியில். எங்கள் இடம் கடைசி வரிசை. அந்த இடத்தை யாரும் எங்களுக்கு ஒதுக்கவில்லை. வேறெங்கும் காலியாக இருந்ததில்லை, அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் குடிக்க ஆள் இல்லை. வீடு திரும்பும் வழி நெடுக அவள் பேசாமல் நடந்து வந்து, மாடிப்படியில் நின்று, "அப்பா வீட்டுல குடிச்சிட்டேன்" என்றாள். அந்தக் குரலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜனவரியிலும் அப்படியே. பிப்ரவரியில் போதகர் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் அவள் எழுந்து முன்னால் போய்விட்டாள். காரணத்தைப் பிறகு கேட்டேன்.

"கடைசியில போனா அடியில சொட்டுதான் இருக்கு. எனக்கு நெறைய வேணும்."

நிறையவே குடித்தாள். போதகரும் கொடுத்தார். அடுத்து முழங்காலில் இருந்தவர் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெசரின் மனைவி. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு தலையை அசைத்தார். அவருக்கு அடுத்தவரும் அப்படியே. பிறகு வரிசையில் நின்றவர்களே குறைந்துபோனார்கள். ஒரு கிழவரும் நானும் குடித்தோம். கிண்ணம் பாதிகூடக் குறையாமல் மேசைக்குத் திரும்பியது.

"இன்னைக்கு எல்லாரும் உபவாசமா?" என்று என் காதில் கேட்டாள். வாசலில் செருப்புத் தேடும்போது டிரெசரின் மனைவி இன்னொருத்தியிடம் சொன்னது எங்கள் இருவருக்குமே கேட்டது: "உடுப்புத் தோய்க்கிற வாய்க்குப் பின்னாலை நான் குடிக்கிறதோ?"

தோய்ப்பது கை. அந்த அம்மாளுக்கு அன்று வாய்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

மார்ச் மாத சபைக் கூட்டத்தில் டிரெசர் எழுந்து சுகாதாரம் பேசினார்.

"கிருமி எண்டு ஒண்டு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. நான் ஆஸ்பத்திரியிலை ஒவ்வொரு நாளும் பாக்கிறன்."

"கண்ணுக்குத் தெரியாததை எப்படிப் பாக்கிறீர்?" என்று அந்தக் கிழவர் கேட்டார். சிரிப்பு எழுந்து அடங்கியது.

நான் எழுந்தேன். "ஜனவரி வரைக்கும் குடிச்சீங்களே ஐயா. கிருமி பிப்ரவரியிலதான் கப்பல்ல வந்து இறங்குச்சா?"

"உமக்கு எல்லாத்துக்கும் ஒரு தேதி வேணும்" என்றார் டிரெசர்.

மறுபடியும் சிரிப்பு, இந்த முறை கூடுதலாக. அமெரிக்காவில் எல்லாக் கோயில்களும் தனிக் குவளைக்கு மாறிவிட்டதாக ஒருவர் சொன்னார். எல்லாமுமல்ல என்று எனக்குத் தெரியும், சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. போதகர் மேசையைப் பார்த்தபடி இருந்தார். என் மனைவியின் பெயரை ஒருவரும் உச்சரிக்காமலே, தனிக் குவளைகள் வாங்கத் தீர்மானமாயிற்று. அத்தனை கண்ணியம்.

ஜூன் மாதத்து முதல் ஞாயிறன்று தட்டு வந்தது. வட்ட வட்டமான துளைகளில் விரல் உயரக் குவளைகள். பார்க்க அழகாகவே இருந்தன. அவள் தன் முறை வந்தபோது முழங்காலிட்டு அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல எது எனக்கு?"

"எதுவும் எடுக்கலாம் பிள்ளை. எல்லாம் ஒண்டுதான்."

"நான் குடிச்சதை அப்புறம் வேற யாரும் குடிக்க மாட்டாங்கல்ல?"

போதகர் தட்டை இன்னும் சற்று அவள் பக்கம் நீட்டினார். அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை காலியாக இருந்தது. அதன்பின் அவள் கோயிலுக்கு வரவில்லை.

ஆகஸ்டில் போதகர் வீடு தேடி வந்தார். கெட்ட மனிதரல்ல; கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் காப்பி கொண்டு வந்து வைத்தாள். எங்கள் வீட்டில் இருந்தது இரண்டே டம்ளர், இரண்டும் நாங்கள் தினமும் குடிப்பவை. அவர் தூக்கி ஊற்றிக்கொள்ளவில்லை. விளிம்பில் உதடு வைத்து, ருசித்துக் குடித்தார்.

"நல்ல கோப்பி. இன்னும் கொஞ்சம் தாரும்."

கொடுத்தாள். அதையும் குடித்தார்.

"பிள்ளை, ஆண்டவர் உம்மட இருதயத்தையெல்லோ பாக்கிறார். கிண்ணத்தையே பாக்கிறார்?"

"அப்ப கிண்ணத்தை மாத்தினது யாரு பாக்குறதுக்கு ஐயா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை.

"இங்க என் டம்ளர்ல குடிக்கிறீங்க," என்றாள் அவள். "அங்க எனக்கு அடுத்தாப்புல குடிப்பீங்களா?"

"நான் குடிப்பன், பிள்ளை. எனக்கு ஒண்டுமில்லை. ஆனால் அங்கை சனம் இருக்கல்லோ. ஆறேழு குடும்பம் விட்டிட்டுப் போட்டுதெண்டால் கோயிலைப் பூட்டவேண்டியதுதான்."

"நான் போனா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். ஜெபம் செய்துவிட்டுப் புறப்படுகிறேன் என்று எழுந்தார். நாங்களும் எழுந்தோம். அவர் கண்களை மூடினார். அவள் மூடவில்லை, நானும் மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியும்.

"பிதாவே, உம்மை விட்டுத் தூரம் போன இந்த மகளை மறுபடியும் உம்மோடு சேர்த்துக்கொள்ளும்..."

"நான் எங்கயும் போகல ஐயா," என்றாள் அவள், சாதாரணக் குரலில். "இங்கதான் இருக்கேன்."

அவர் நிறுத்தினார். கண்ணைத் திறக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து, முன்னைவிடச் சத்தமாக, அதே வாக்கியத்தை மறுபடி தொடங்கினார். சபைக்காக, ஊருக்காக, புது ராஜாவுக்காக எல்லாம் வேண்டி முடித்துவிட்டு, நாங்கள் ஆமென் சொல்வதற்காகக் காத்திருந்தார். தெருவில் எருமைகளை ஓட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. கடைசியில் அவரே சொல்லிக்கொண்டார்.