இருபது காடை முட்டைகளுடன் நெய்யாற்றின்கரைக்கு

காடை முட்டையை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகும் எண்ணம் வேறு யாருக்காவது இருக்குமா, தெரியாது. ஒருவருக்கு இருந்தாலும் இது பயன்படும்.

எங்கள் வீடு பாறசாலைக்குத் தெற்கே, கேரள–தமிழ்நாடு எல்லையை ஒட்டி இருக்கிறது. ஐந்து பெட்டைக் காடைகள் வளர்க்கிறோம். போன தடவை பக்கத்து வாழைத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்த பிறகு, சில முட்டைகள் கையில் எடுக்கும்போதே நொறுங்கின. சில வேதிப்பொருள்கள் பறவையின் ஹார்மோன்களைக் குழப்பும் என்று படித்திருந்ததால், மருந்துதான் காரணமா என்று அறிய ஆசைப்பட்டேன். இந்தத் தடவை மருந்து அடிக்கும் முன் இட்டவற்றில் பத்து, பின் இட்டவற்றில் பத்து எடுத்து, ஓட்டின்மேல் பென்சிலால் தேதி எழுதி வைத்தேன். இந்த அறிவியல் புராஜெக்டில் என்னோடு சேர்ந்திருந்த தோழி ஜெபா, காடைக்கூட்டு நாற்றம் தாங்காமல் வேறு புராஜெக்டுக்குப் போய்விட்டாள். அதனால் சனிக்கிழமை தனியாகவே கிளம்பினேன்.

"முட்டைய எல்லாம் நல்லா அடுக்கி வச்சிருக்கேனாக்கும்" என்று அம்மா டப்பாவைத் தந்தாள்.

பாறசாலையில் பஸ் 8.35க்கு. பத்து கிலோமீட்டர், அரைமணி நேரம்.

"மோளே, டப்பாவுக்குள்ள என்னவாக்கும், இப்பிடிக் கட்டிப் பிடிச்சிருக்க?" என்றார் கண்டக்டர்.

"காடை முட்டை. டெஸ்ட் பண்ணக் கொண்டு போறேன்."

"முட்டைக்கும் பரீட்சை உண்டா? பாவம்! நல்லமிளகு போட்டு வறுத்திருக்கலாம்."

முன்சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய், மூன்று கிலோமீட்டர். ஆய்வுக்கூடத்தில் லிஜி சேச்சி காத்திருந்தார். என் மின்னஞ்சலுக்குப் பதில் போட்டவர் அவர்தான். டப்பாவைத் திறந்ததுமே பாத்திரம் தேய்க்கும் சோப்பின் மணம் வந்தது. முட்டைகள் பளபளவென்று இருந்தன. ஒன்றில்கூடத் தேதி இல்லை.

"கழுவியாச்சோ?" என்றார் சேச்சி.

"அம்மாவாக்கும் கழுவினது" என்றேன். அழுக்கு முட்டையை ஓர் ஆபீசில் கொண்டு கொடுக்க அம்மாவுக்கு மனம் வராது. எனக்கு அது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

"ஓடு மெலிஞ்சதெல்லாம் மருந்துக்குப் பிறகு உள்ளதுன்னு வச்சா போதாதா சேச்சி?"

"பின்னே எதுக்கு மோளே டெஸ்ட்? நீ நெனச்சத நீயே எழுதி வைக்கலாமே."

டப்பாவை மூடி வைத்தேன். சேச்சி உள்ளறைக்கு அழைத்துப் போனார். அங்கே ஆண் காடைகள் தனித்தனிக் கூண்டில், ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவில் அட்டை வைத்து அடைக்கப்பட்டிருந்தன. சிலவற்றின் தீனியில் மட்டும் சோதிக்கும் வேதிப்பொருள் கலந்திருக்கிறது. ஆண் காடையைக் கூவ வைப்பது ஹார்மோன்தான். அது குழம்பினால் கூவல் குறையலாம். எந்தக் கூண்டுக்கு எந்தத் தீனி என்று கூவலை எண்ணுகிறவருக்குச் சொல்ல மாட்டார்கள். நான்காம் கூண்டின் கூவலைப் பத்து நிமிடம் எண்ணும்படி சேச்சி என்னிடம் தாளைத் தந்துவிட்டுப் போனார். பறவை கழுத்தை நீட்டிக் கூவும், நின்று கேட்கும், மறுபடி கூவும். பதினொரு தடவை. எந்தப் பக்கத்திலிருந்தும் பதில் வரவில்லை. பதினொன்று என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

பகல் இரண்டு மணிக்கு வீடு திரும்பினேன்.

"முட்டையப் பாத்து என்ன சொன்னாவ மக்களே?" என்றாள் அம்மா.

"நல்ல சுத்தமா இருக்குன்னு சொன்னாவ."

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இரண்டாவது கரண்டி மீன்குழம்பு ஊற்றினாள்.

மருந்துக்கு முன் இட்ட முட்டைகளை இனி காடைகளிடம் திரும்பக் கேட்க முடியாது. தோட்டத்தில் அடுத்து மருந்து அடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை ஒரு மணிவரைதான் திறந்திருக்கும், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தேதிகளை ஒரு நோட்டிலும் குறித்து, முட்டைகளைத் தேதிவாரியாகத் தனித்தனி டப்பாவில் வையுங்கள். முட்டையைக் கழுவக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான் இன்னும் சொல்லவில்லை.