பெரியப்பா போன வழி

கோல்ப் விளையாட்டை நம்ம ஆட்கள் ஏன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று போன மாதம் ஒரு படித்த தம்பி என்னிடம் கேட்டார். செலவு அதிகம் என்பதாலா என்றார். நடந்தது ஒன்றுதான் எனக்குத் தெரியும். அதை எழுதுகிறேன்.

மலைநாட்டில் வட்டகொடைப் பக்கம் நாங்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டம். தோட்டத்தை நடத்திய துரைமார் கோல்ப் பந்தடிக்க அங்கே ஒரு திடல் இருந்தது. அதன் புல்லை வெட்டியவர் என் பெரியப்பா. அப்பாவுக்கு அண்ணன், பிள்ளையில்லாதவர். மொட்டையடித்த பிள்ளைத் தலை மாதிரி அந்தப் புல்லை வைத்திருப்பார். பந்து விழுகிற குழியையும் அவரே தோண்டுவார். வெற்றிலை போடுவதென்றால் வேலிக்கு வெளியே வந்துவிடுவார். உள்ளே துப்பினால் கறையாம். பந்தை எப்படி அடிப்பார்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"நாங் குனிஞ்சிருக்கையில தலைக்கு மேல போவும்டா. அம்புட்டுத்தான் தெரியும்" என்றார்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது நெஞ்சுவலியில் போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிணத்தை எடுத்தோம். அன்று தூறல்.

நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்திலிருந்து புதைகாட்டுக்குப் போகும் பாதை திடல் ஓரமாகத்தான் போகும். வாசலில் எழுந்த தப்பு மேளச் சத்தம் காடு போய்ச் சேரும்வரை நிற்கக்கூடாது என்பது எங்கள் லயத்து வழக்கம். நின்றால் போகிற உயிர் திரும்பிப் பார்க்கும் என்பார்கள். பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லாததால் சேகண்டி என் கைக்கு வந்தது. வெண்கலத் தட்டும் ஒரு கட்டையும். தப்பு மூன்று அடித்தால் நான் ஒன்று அடிக்கவேண்டும். கை ஓயக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார்.

திடல் ஓரம் வந்ததும் காவல்காரர் ஓடிவந்தார். அவரும் எங்கள் லயத்து ஆள்தான்.

"ஏப்பா, நிப்பாட்டுங்கப்பா. தொர அடிக்கப் போறாரு. விருந்தாளி வேற வந்திருக்காங்க."

தப்படிக்கிறவர் அடித்துக்கொண்டே சொன்னார். "நிப்பாட்டுனா தோலு தொங்கிப்போவும். இந்தத் தூத்தல்ல எங்க தீ மூட்டிக் காச்சுறது?"

"செத்தவருக்கு என்னய்யா அவசரம்?"

"அவருக்கு இல்லய்யா. தப்புக்குத்தான்."

"என் வேலயக் கெடுத்துறாதீங்க, சாமி" என்று காவல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். தப்பு நின்றது.

பந்தை அடிக்கும்போது சத்தம் கேட்கக்கூடாது என்பது அந்த விளையாட்டின் வழக்கமாம். அதுவும் வழக்கம், இதுவும் வழக்கம்.

பாடையைத் தோளில் வைத்தபடி நின்றார்கள். துரை தடியைத் தூக்கினார், இறக்கினார், காலை மாற்றி வைத்தார், மறுபடி தூக்கினார். நான் பாதையோர மேட்டில் ஏறிப் பாடையைப் பார்த்தேன். பெரியப்பா முகத்தில் தூறல் விழுந்து நின்றது. துடைக்க ஆளில்லை. இப்போது திரும்பிப் பார்க்கப்போகிறார் என்று எனக்குத் தோன்றியது.

சேகண்டியை ஓங்கி அடித்தேன்.

பந்து கோணிக்கொண்டு தேயிலைக்குள் போனது. விருந்தாளி சிரித்தார். துரை சிரிக்கவில்லை.

"யாரு அது?" என்றார். துரைமாருக்கு அவ்வளவு தமிழ் தெரியும்.

அப்பா என் கையிலிருந்து சேகண்டியைப் பிடுங்கினார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். "நாந்தாங்க, தொர."

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து தன்னைப் பார்க்கும்படி சொல்லிவிட்டுத் துரை திரும்பிக்கொண்டார். நாங்கள் நடந்தோம். தப்பு நனைந்த சாக்கை அடிப்பது போலக் கேட்டது. அப்பா சேகண்டியை என்னிடம் திருப்பித் தந்தார்.

துரை பத்துச்சீட்டு கொடுத்தால் வேலையும் போகும், லயத்து அறையும் போகும். காட்டிலிருந்து திரும்பியபோது அம்மா சட்டி பானையைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் அடித்தேன் என்று அவளிடம் சொன்னேன். "வாய மூடு" என்றாள். இன்னொரு சாக்கு எடுக்கப் போனாள்.

காலையில் அப்பா பெரட்டுக் களத்துக்குப் போனார். நான் பின்னால் போய் ஒப்பந்த ஆட்களின் கொந்தரப்புக் கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். நூறு பேருக்கு முன்னால் துரை கேட்டார். அப்பா மறுபடியும் "நாந்தாங்க" என்றார். அந்த நூறு பேருக்கும் யார் அடித்தது என்று தெரியும். காவல்காரருக்கும் தெரியும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்துச்சீட்டு வரவில்லை. அந்த வாரமே திடலோரப் பாதையை முள்ளுக்கம்பி போட்டு அடைத்தார்கள். இனிப் பிணம் மலையைச் சுற்றி இரண்டு மைல் ஏறித்தான் போகவேண்டும். அம்மா சாக்கை அவிழ்த்தாள்.

அந்த விளையாட்டின் மேல் எனக்குக் கோபமில்லை. பந்து என்ன செய்யும்.

அடுத்த சாவு மழைக்காலத்தில் வந்தது. சேகண்டியை நானே கேட்டு வாங்கினேன். சுற்றுப்பாதையில் தப்பு ஓரிடத்திலும் நிற்கவில்லை. நிறுத்தச் சொல்ல அங்கே யாரும் இல்லை. துரையை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் முன்னால் நடந்தேன்.

ஏற்றத்தில் திரும்பிப் பார்த்தேன். அப்பா பாடையின் முன் கொம்பைத் தோளில் தாங்கி வந்தார். சேற்றில் கால் வழுக்கி, முழங்கால் ஊன்றி எழுந்தார். தோள் மாற்ற ஆள் வந்தும் மாற்றவில்லை. என்னைப் பார்த்தார்.

"நல்லா அடிறா" என்றார்.

பாராட்டுகிறார் என்று அன்று நினைத்து இன்னும் ஓங்கி அடித்தேன்.