அம்மா பரிமாறிய மட்டிக் குழம்பு

எங்கள் அம்மாவை ஆண்டவரிடம் ஒப்படைத்து ஒரு வருடம் ஓடிவிட்டது. அவரை அறிந்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். நற்குணங்களை வரிசையாக அடுக்கினால் அம்மாவே "ஏளா, போதும் நிறுத்து" என்று சொல்லியிருப்பார். ஆகையால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது திரேஸ்புரத்தில், கடலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பத்தில். தம்பி தங்கைகளுக்கெல்லாம் மூத்தவர். காற்று பலமாக வீசி வள்ளம் கடலுக்குள் இறங்காத நாட்களில், தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து அவர்களை இழுத்துக்கொண்டு சேற்றில் இறங்குவாராம். காலால் துழாவித் துழாவி, சேற்றில் புதைந்திருக்கும் மட்டிச் சிப்பிகளைப் பொறுக்குவார்கள். மீன் இல்லாத நாட்களில் அந்த வீட்டுச் சட்டியை நிரப்பியது மட்டிதான். அப்படி வளர்ந்தவர், ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் அப்பாவைச் சந்தித்தார். அப்பா நாசரேத்துக்காரர், புராட்டஸ்டன்ட் வாத்தியார் குடும்பம். கல்யாணப் பேச்சு எழுந்ததும் இரண்டு சபையிலும் முகத்தைச் சுளித்தார்கள். இவர்கள் இருவரும் அசைந்து கொடுக்கவில்லை.

மில்லர்புரம் வீட்டில் அப்பாவின் அக்காவும் உடன் இருந்தார். எங்கள் அத்தை கல்யாணம் செய்துகொள்ளாதவர், வேதத்தைக் கரைத்துக் குடித்தவர். அம்மா முதன்முதலாக மட்டி வாங்கி வந்த அன்று வாசலிலேயே மறித்துவிட்டார்.

"ஏளா, செதிள் இல்லாதது நம்ம வீட்டுக்கு ஆகாது. வேதத்துலயே சொல்லியிருக்கு."

இறாலுக்கும் நண்டுக்கும் எந்தக் கடையில் செதிள் தைத்துக் கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவை மட்டும் எங்கள் அடுப்பில் ஜாம் ஜாமென்று ஏறின. அப்பாவோ அக்கா சொல்லைத் தட்டாதவர். அன்றைக்கும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாராம். இதை அப்பா படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அம்மா சண்டை போடவில்லை. மட்டி தின்ன ஆசை வந்தால் என்னையும் என் தம்பியையும் அழைத்துக்கொண்டு திரேஸ்புரத்தில் சித்தி வீட்டுக்குப் போவார். அங்கே சமைத்து, எங்களுக்கும் கொடுத்து, கையில் வாடை போக எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவிவிட்டு பஸ் ஏறுவார். "என்னைக்காவது ஒரு நாள் நம்ம வீட்டு மேஜையில எல்லாருக்கும் நானே மட்டி பரிமாறணும்ளா" என்று ஒருமுறை பஸ்ஸில் சொன்னார். தனக்கென்று அவர் வாய்விட்டுச் சொன்ன ஆசை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அதற்காக அத்தைமேல் அவருக்கு வன்மம் கிடையாது. இடுப்பெலும்பு முறிந்து அத்தை படுத்தபோது, பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் குளிப்பாட்டி, தலைவாரி, சோறு ஊட்டியது அம்மாதான். நான் முணுமுணுத்தால், "மைனி பாவம்ளா, அவங்களுக்கு நம்மள விட்டா யாரு இருக்கா?" என்று வாயை அடைத்துவிடுவார். எனக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை.

வயிற்றில் கட்டி என்று தெரிந்து, மருந்து ஏற ஏற அம்மாவுக்குச் சாப்பாட்டைக் கண்டாலே பிடிக்காமல் போனது. என்னதான் வேண்டும் என்று அப்பா கேட்டார். "மட்டி" என்றார் அம்மா. அப்பா மறுபேச்சில்லாமல் ஸ்கூட்டரை எடுத்தார். வாங்கி வந்ததை, சுத்தமாக இருக்கட்டும் என்று நாங்கள் குடிக்கிற ஃபில்டர் தண்ணீரில் ஊறப்போட்டார். மட்டி கடல் தண்ணீரில்தான் வாய் திறந்து மண்ணைக் கக்கும். நல்ல தண்ணீர் பட்டால் இறுக்கி மூடிக்கொள்ளும். நாசரேத்து வாத்தியாருக்கு அது எங்கே தெரியும்? மண்ணோடு குழம்பு வைத்துக் கொண்டுவந்து நீட்டினார்.

"நல்ல தண்ணியிலயா போட்டிய? மண்ணுல்லா கடிக்கு!" என்றார் அம்மா.

அப்பா ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டார், வாழ்க்கையில் முதல் தடவையாக. நறநறவென்று மென்றார்.

"ருசியாத்தான இருக்கு."

"பொய் சொல்லாதிய" என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நோய் வந்தபின் அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வாரம் அப்பா கேனை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். அந்தக் கடல் தண்ணீரில் ஊறிய மட்டி, காலையில் மண்ணையெல்லாம் கக்கியிருந்தது. குழம்பு கொதித்து இறங்கியதும், தன்னை மேஜைக்குக் கூட்டிப்போகச் சொன்னார் அம்மா. கஞ்சி மட்டுமே தொண்டையில் இறங்கிய நாட்கள் அவை. நாற்காலியில் உட்கார்ந்து, கரண்டியை அவரே பிடித்தார். அப்பாவுக்குப் போட்டார். தம்பிக்கும் எனக்கும் போட்டார். பிறகு அத்தையைப் பார்த்து, "மைனி, போடட்டா?" என்று கேட்டார்.

அத்தை தட்டின்மேல் கையை வைத்து மறைத்தார்.

"சரி மைனி, ரசம் இருக்கு" என்று அம்மா கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டார். அந்த மாதமே கண்ணை மூடினார்.

முகம் கோணாமல் அம்மாவைக் கவனித்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும், வீட்டுக்கு வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், அடக்கத்தன்று எங்களுக்குக் காப்பியும் இட்டிலியும் கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்ட திரேஸ்புரத்துச் சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நினைவு ஆராதனை முடிந்ததும் மதியச் சாப்பாட்டில் மட்டிக் குழம்பு உண்டு. வேண்டாதவர்களுக்குச் சாம்பாரும் உண்டு. யாரும் சாப்பிடாமல் போகக்கூடாது.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அப்பா கேட்டுக்கொண்டபடி அந்த மேஜை விஷயத்தை எழுதாமல் விட்டிருந்தேன். அத்தை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் தட்ட மறைச்சத ஏன் விட்டுட்ட? அதையும் எழுது."

"சரி, அத்தை."

"ஆராதனை அன்னைக்கு மட்டி உண்டுல்லா?"

"உண்டு, அத்தை. உங்களுக்கு..."

"கேக்காதளா. ஒங்க அம்மா கேட்டதுனாலதான் நான் வேண்டாம்னுட்டேன். நீ கேக்காமப் போட்டுரு."